சேமித்து வைக்கலாம், யாருக்கும் கொடுக்கக் கூடாது

விவசாயிகளின் விதை உரிமை என்று பேச்சு வந்தாலே நம் மனதில் ஒரு படம் தயாராக இருக்கிறது. ஒரு பக்கம் பன்னாட்டு நிறுவனம், கையில் காப்புரிமைப் பத்திரம். இன்னொரு பக்கம், போன அறுவடையில் எடுத்துவைத்த விதையோடு ஒரு சிறு விவசாயி. நிறுவனம் பிடுங்கப் பார்க்கிறது, விவசாயி விடமாட்டேன் என்கிறார். இந்தப் படம் பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். சட்டங்களையும் வழக்குகளையும் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுத்தத் தொடங்கியது. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே எடுத்துவைத்துத் தானே விதைக்கப் பல நாட்டுச் சட்டங்கள் ஏதோ ஓர் அளவுக்கு இடம் தருகின்றன. அதை அடுத்தவருக்குக் கொடுக்கப் போகும்போதுதான் தடுக்கிறார்கள். சிறு விவசாயிகளின் விதையோ ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற பொருளே கிடையாது.

2016-இல் ஷான் மக்குவயர், லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹைட்டியிலும் சிறு விவசாயிகளுக்கு விதை எங்கிருந்து வருகிறது என்று 9,660 பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். சுமார் 90 சதவீத விதை, நிறுவனங்களோ அரசு விதைத் திட்டங்களோ இல்லாத வழிகளில் வருகிறது. இந்த எண்ணை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதற்கு அடுத்ததைத்தான் விட்டுவிடுகிறார்கள்: அதில் பாதியளவு வருவது உள்ளூர்ச் சந்தையிலிருந்து. விதையில் 55 சதவீதத்துக்கு விவசாயிகள் கைக்காசு கொடுத்திருக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாகத் தன் விதையைத் தானே காத்து வருபவர் என்ற சித்திரம் கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் அவர்களில் நிறையப் பேர் சந்தையில் குவித்துப் போட்டிருக்கும் தானியத்தைக் கையில் அள்ளிப் பார்க்கிறார்கள், எந்தப் பக்கத்து விளைச்சல் என்று வியாபாரியிடம் விசாரிக்கிறார்கள், பிடித்தால் விதைக்கென்று வாங்கிப் போகிறார்கள். அந்த வியாபாரிக்கும் எதை விதைக்கென்று தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது தெரியும். சட்டத்தின் பார்வையில் அங்கே விற்பது விதையே அல்ல, வெறும் தானியம். விதை என்று சொல்லி விற்றால் பல நாடுகளில் அது குற்றம்.

ஏன் எல்லோராலும் தங்கள் விதையைத் தாங்களே வைத்துக்கொள்ள முடிவதில்லை? நானும் சின்ன அளவில் விதை எடுத்துவைக்கிற ஆள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெல், கோதுமை, தக்காளி மாதிரியான தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள் பெரும்பாலும் தாயைப் போலவே பிள்ளையைத் தரும். வரப்போரத்தை விட்டுவிட்டு வயலின் நடுவில் நல்ல கதிர்களாகப் பார்த்து, கலப்புச் செடிகளைப் பிடுங்கி எறிந்து, நன்றாகக் காயவைத்து எடுத்தால் வேலை முடிந்தது. மக்காச்சோளம், கம்பு, பூசணி, சூரியகாந்தி எல்லாம் அப்படியில்லை. பக்கத்து வயலின் மகரந்தம் காற்றிலோ தேனீயின் காலிலோ வந்து சேர்ந்துவிடும். மக்காச்சோள ரகம் ஒன்றைக் கலப்பில்லாமல் வைத்திருக்க, சுற்றிலும் 200 மீட்டருக்காவது வேறு மக்காச்சோளம் இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தாரோடு பேசி வைத்துக்கொள்ளாமல் இது நடக்காது. அதோடு, நாலைந்து செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தால் சில தலைமுறைகளில் வீரியம் குன்றிவிடும். நிறையச் செடிகள் வேண்டும், அவ்வப்போது வெளியிலிருந்தும் கொஞ்சம் விதை வர வேண்டும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு போன்றவற்றில் தண்டையோ கொடியையோ கிழங்கையோதான் நடுகிறோம். அதனால் வைரஸ் நோய் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் நோயில்லாத நடவுப் பொருளை எங்கிருந்தாவது கொண்டுவந்தே ஆக வேண்டும்.

சேமிப்பிலும் சிக்கல் உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது விதையியலில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. திருப்பிப் போட்டால், மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீட்டில் என்ன ஆகும் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. பயறு வகைகளை வண்டு விடாது. அப்புறம் பஞ்சம். மழை பொய்த்த வருடம் விதைக்கென்று வைத்ததும் அடுப்புக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் அடுத்த பருவத்துக்கு யாரிடமாவது கடனாகவோ காசுக்கோ கேட்டுத்தான் விதைக்க வேண்டும். அந்த யாரோ ஒருவருக்கு விதையைக் கொடுக்கும் உரிமை இல்லையென்றால், கேட்க வந்தவருக்குச் சட்டப் புத்தகம் தந்திருக்கும் ‘சேமிக்கும் உரிமை’யால் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிடலாம். மறுபடி முளைக்காத ‘டெர்மினேட்டர்’ விதையை நிறுவனங்கள் விற்கின்றன என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தது உண்மை. வாங்கியவர்கள் டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற விதை நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும். உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது, 2000-இல் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் அதற்கு முட்டுக்கட்டை போட்டன. அது விற்பனைக்கு வரவேயில்லை. வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்தது முளைக்காது என்பதும் தவறு. நன்றாகவே முளைக்கும். ஆனால் செடிகள் ஒன்றுபோல் இராது, விளைச்சல் இறங்கும். அதனால்தான் ஒட்டு ரகங்களில் நிறுவனத்துக்குச் சட்டத்தின் தயவு அதிகம் தேவைப்படுவதில்லை. எடுத்துவைத்தால் அப்படியே வரும் ரகங்களில்தான் தேவைப்படுகிறது.

அப்படி ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த சோயா விவசாயி போமன், தானியக் கிடங்கில் பொதுவாக விற்கும் சோயாவை வாங்கி இரண்டாம் போகத்துக்கு விதைத்தார். அதில் பெரும்பகுதி மான்சான்டோ என்ற விதை நிறுவனத்தின் களைக்கொல்லி தாங்கும் ரகம் என்பது அவருக்குத் தெரியும். மருந்தடித்துப் பிழைத்ததிலிருந்து விதை எடுத்து, பருவத்துக்குப் பருவம் விதைத்தார். 2013-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வாங்கிய சோயாவைத் தின்னலாம், விற்கலாம். விதைத்துப் பெருக்கினால் காப்புரிமைப் பொருளைப் புதிதாக உற்பத்தி செய்ததாகும் என்றார்கள். 84,456 டாலர் இழப்பீடு கட்டும்படி ஆயிற்று. போமனை ஏழைச் சிறு விவசாயி என்று சொல்ல முடியாது, தெரிந்தேதான் செய்தார். ஆனாலும் தானியத்துக்கும் விதைக்கும் நடுவே நீதிமன்றம் இவ்வளவு எளிதாகக் கோடு கிழித்ததைப் பார்க்கும்போது எனக்குச் சந்தைக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

காப்புரிமை இல்லாத இடங்களில் பயிர் ரகப் பாதுகாப்பு என்று இன்னொன்று இருக்கிறது. இதற்கான சர்வதேச அமைப்பு யூபோவ். 1961-இல் பாரிசில் உருவான ஒப்பந்தம், தலைமையகம் ஜெனீவாவில். 1978 வடிவத்தில், வணிகத்துக்காக விதை உற்பத்தி செய்வதையும் விற்பதையும்தான் ரகத்தை உருவாக்கியவர் தடுக்க முடிந்தது. விவசாயி எடுத்துவைப்பதும் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் அதற்கு வெளியே நின்றன. 1991 வடிவத்தில் பெருக்குவதே அனுமதிக்கு உட்பட்டதாக மாறிவிட்டது. விவசாயிக்கு விலக்கு கொடுக்கலாம், ஆனால் அது அந்தந்த நாட்டின் விருப்பம். கொடுத்தாலும் ‘நியாயமான வரம்புக்குள்’, உருவாக்கியவரின் நலனுக்குப் பாதகமில்லாமல், சொந்த நிலத்தில் விளைந்ததைச் சொந்த நிலத்திலேயே விதைப்பதற்கு மட்டும். அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்க அதில் இடமில்லை. ஆண்டுக்கு ஆண்டு குத்தகை நிலம் மாறுகிறவர்கள், தன் பெயரில் நிலமே இல்லாமல் விதை வேலை முழுவதையும் பார்க்கும் பெண்கள் எல்லாம் இந்த ‘சொந்த நிலம்’ என்பதற்குள் எப்படி வருவார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் கொண்டுவந்த விதிமுறையில் 92 டன் தானியம் விளைவதற்குத் தேவையான பரப்புக்குள் பயிரிடுபவர் சிறு விவசாயி, அவர் உரிமைத்தொகை கட்ட வேண்டாம். அதுவும் பட்டியலிட்ட பயிர்களில், தானே விதைப்பதற்கு மட்டும்தான்.

இன்று எந்த நாடும் யூபோவில் சேரும்படி உலக வர்த்தக அமைப்பு கேட்கவில்லை. பயிர் ரகங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும், சொந்தமாக வடிவமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் 1995 முதல் நடைமுறையில் இருக்கும் அதன் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் நிபந்தனை. யூபோவ் 1991-ஐக் கட்டாயமாக்குவது தனித்தனி வர்த்தக ஒப்பந்தங்கள்.

காப்புரிமை, ரகப் பாதுகாப்பு இரண்டுமே நிறுவனத்தின் ரகத்தைப் பற்றியவை. என் பாட்டன் விதைக்கு அதனால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த விதையைத் தொடும் சட்டம் வேறு. அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. விதை விற்பனைச் சட்டம், சான்றளிப்புச் சட்டம் என்ற பெயர்களில் அலுப்பூட்டும் மொழியில் எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டில் இல்லாத ரகத்தை விற்கக் கூடாது என்பது பல நாடுகளில் அதன் சாரம். பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால் ரகம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருக்க வேண்டும். விவசாயிகளின் ரகங்கள் இந்த இரண்டாவது நிபந்தனையிலேயே விழுந்துவிடும். ஒரே வயலில் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று பத்து நாள் முந்தும், ஒன்று பிந்தும். மழை எப்போது வந்தாலும் ஏதோ கொஞ்சம் தேறும் என்பதற்காகவே அந்தக் கலவையை அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றுபோல் இல்லாத, பார்க்கச் சகிக்காத ரகத்தின் மதிப்புக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு கோதுமை. 1948-இல் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கிழக்குத் துருக்கியில் ஒரு வயலிலிருந்து அதைச் சேகரித்தார். உயரமான மெலிந்த தண்டு, காற்றடித்தால் சாய்ந்துவிடும், குளிர் தாங்காது, ரொட்டிக்கும் லாயக்கில்லை. பி.ஐ. 178383 என்று எண் போட்டுக் கிடங்கில் வைத்தார்கள். சுமார் 15 ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை. பிறகு அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துரு நோய் கோதுமையைத் தாக்கியபோது எடுத்துச் சோதித்தார்கள். துரு நோயின் நான்கு வகைகளையும் கரிப்பூட்டை நோயின் 35 வகைகளையும் அது தாங்கியது. அந்தப் பகுதியின் கோதுமை ரகங்களில் அதன் மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. துருக்கியில் அதை விதைத்துக்கொண்டிருந்தவர் இன்று ஐரோப்பாவில் இருந்து, அதே கோதுமையை விதை என்று விற்கப் பார்த்தால் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். கிடங்கில் உறைந்து கிடப்பது அப்போது சேகரித்த விதை மட்டுமே. வயலில் இருந்திருந்தால் புதிய நோய்களோடு சேர்ந்து அதுவும் மாறியிருக்கும்.

பிரான்சில் கோகோபெலி என்ற அமைப்பு பதிவேட்டில் இல்லாத பழைய காய்கறி ரகங்களை விற்றது. கிரேன் போமோ என்ற விதை நிறுவனம் நியாயமற்ற போட்டி என்று வழக்குப் போட்டது. 2012 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஆலோசனை வழக்கறிஞர், இந்தத் தடை அளவுக்கு மீறியது என்று கருத்துச் சொன்னார். ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்காமல் சட்டம் செல்லும் என்று முடித்துவிட்டது. கொலம்பியாவில் கதை இன்னும் கடுமை. விதை உற்பத்தி, விற்பனை, பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2010-இல் வந்த 970-ஆம் எண் அரசுத் தீர்மானத்தைக் காட்டி, 2011-இல் காம்போஅலெக்ரே என்ற ஊரில் விவசாயிகள் எடுத்துவைத்திருந்த நெல் விதையை டன் கணக்கில் பறிமுதல் செய்து குழியில் கொட்டி அழித்தார்கள். 2013-இல் நாடு தழுவிய விவசாயிகள் போராட்டம் வெடித்த பிறகுதான் அரசு அந்தத் தீர்மானத்தை நிறுத்தி வைத்தது. கென்யாவில் சான்று பெறாத விதையைப் பகிர்ந்தாலோ விற்றாலோ இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் என்றிருந்தது. சிறு விவசாயிகள் சிலர் 2022-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2025 நவம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவில் சட்டம் ஒப்பீட்டளவில் நல்ல சட்டம் என்று சொல்லலாம், தயக்கமில்லாமல். இந்தியா யூபோவ் உறுப்பினர் இல்லை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவே, தான் விளைவித்த விதையைத் தன் இடத்தில் வைத்து இன்னொருவருக்கு நேரடியாக விற்பதைச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கிறது. 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ஆம் பிரிவில் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுமதிக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் சரி. வணிகப் பெயர் ஒட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியும் 2019-இல் குஜராத்தில் பெப்சிகோ நிறுவனம், தன் பதிவு செய்த சிப்ஸ் உருளை ரகத்தைப் பயிரிட்டதாக விவசாயிகள் மீது வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழவே, மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. பிறகு அந்த ரகத்தின் பதிவே 2021 டிசம்பரில் ரத்தானது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து சரிதான் என்றார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ரத்து செல்லாது என்றது. பிரிவு எண்ணோடு உரிமை எழுதியிருக்கிற நாட்டில், நீதிமன்றப் படியேறிய அந்தச் சில வாரங்களில் நான்கு குடும்பங்கள் எப்படித் தூங்கியிருக்கும்? 39-ஆம் பிரிவு அவர்கள் பக்கம்தான் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல வக்கீல் வைக்க வேண்டியிருந்ததும் அவர்கள்தான்.

சரி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விதைச் சட்டமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போலி விதையால் ஒரு பருவம் முழுக்கப் போனவருக்கு அடுத்த பருவம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. விதை வழியே பரவும் நோய்களும் கற்பனை இல்லை. ஆனால் எங்கோ இருக்கிற நிறுவனம் மூடிய பையில் விற்பதும், பக்கத்து வயல்காரர் தருவதும் ஒன்றா? பையைத் திறந்து பார்த்து வாங்க முடியாது, அங்கே அரசு நடுவில் நிற்க வேண்டியது அவசியம். பக்கத்து வயலைப் பருவம் முழுவதும் பார்த்துவிட்டுத்தான் விதை கேட்கிறோம். கெட்டுப்போன விதை கொடுத்தவர் அடுத்த நாள் நம் முகத்தில் முழிக்க வேண்டும். நடுவழிகளும் இருக்கின்றன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1993-இலேயே ‘தரம் அறிவிக்கப்பட்ட விதை’ என்று ஒரு முறையை வகுத்தது. உற்பத்தி செய்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்பார், அதிகாரி ஒரு பகுதியை மட்டும் சோதித்துப் பார்ப்பார். அமெரிக்காவில் விற்பனைக்கு முன் ரகத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற பொதுக் கட்டாயமே கிடையாது. முளைப்புத்திறன், தூய்மை எல்லாம் விதைப் பையின் சீட்டில் உண்மையாக எழுதினால் போதும் என்பதுதான் அவர்களுடைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. கட்டாயப் பதிவு இல்லாவிட்டால் விவசாயமே சீரழிந்துவிடும் என்று ஏழை நாடுகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சர்வதேசப் பிரகடனங்களைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகமில்லை. 2001-இல் ஏற்கப்பட்ட தாவர மரபுவள ஒப்பந்தம் விவசாயிகளின் உரிமைக்கென்று 9-ஆம் பிரிவை ஒதுக்கிவிட்டு, ‘தேசியச் சட்டத்துக்கு உட்பட்டு’ என்று சேர்த்துக்கொண்டது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய விவசாயிகள் உரிமைப் பிரகடனம் 19-ஆம் பிரிவில் விற்கும் உரிமை வரை தெளிவாகச் சொல்கிறது. 121 நாடுகள் ஆதரவு, 8 எதிர்ப்பு, 54 ஒதுங்கிக்கொண்டன. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. வழக்காட வருகிறவர்களுக்கு ஒரு பிடிமானம், அந்த அளவில் சரி.

எனவே எந்த நாட்டு விதைச் சட்ட வரைவு கைக்கு வந்தாலும் நான் முகவுரையைப் படிப்பதில்லை. அங்கே விவசாயிகளின் பங்களிப்பைப் போற்றித்தான் எழுதியிருப்பார்கள். நேராக வரையறைப் பக்கத்துக்குப் போய் ‘விற்பனை’ என்பதற்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஐரோப்பியக் காய்கறி விதை நெறிமுறையில், வணிக நோக்கோடு அடுத்தவருக்குத் தருவதெல்லாம் விற்பனை, கைம்மாறு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பண்டமாற்று, அன்பளிப்பு என்ற சொற்கள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன, பதிவில்லாத ரகத்துக்கு முழுத்தடையா அல்லது பொய்ச்சீட்டுக்கு மட்டும் தண்டனையா, குத்தகைதாரர் விவசாயி என்ற வரையறைக்குள் வருகிறாரா என்று அடுத்தடுத்துத் தேடுவேன். 2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வைத்த புதிய வரைவில், விவசாயிகள் தங்களுக்குள் விதை மாற்றிக்கொள்வதற்கென்று முதல்முறையாகத் தனி விலக்கு எழுதியிருக்கிறார்கள். சொந்த விளைச்சலாக இருக்க வேண்டும், இடைத்தரகர் கூடாது, ‘சிறு அளவாக’ இருக்க வேண்டும். சிறு அளவு என்பது எவ்வளவு என்று பயிர்வாரியாக முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த நாட்டு அதிகாரிகளிடம் விட்டிருக்கிறார்கள். கைப்பிடியா மூட்டையா என்பது இனி ஏதோ ஒரு சுற்றறிக்கையில்தான் வரும்.